கருத்துக் கேட்பு என்னும் தொடர்

தமிழில் ‘கேள்’ என்னும் வினைச்சொல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், பிறர் சொல்வதைச் செவியில் வாங்கிக்கொள்வதும் கேட்பதுதான். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயரிட்டபோது அவர் மனத்தில் இருந்தது வினா அன்று, செவிவழி வரும் அறிவு. இன்றைய மாணவர்கள் அந்தத் தலைப்பைக் கண்டதும் வினாத்தாளை நினைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, வழக்கு மாறிவிட்டது. ‘பப்ளிக் ஹியரிங்’ என்பதை அரசு அலுவலகத் தமிழ் ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று ஆக்கிக்கொண்டபோது இந்தப் பழம்பொருளும் புதுப்பொருளும் சேர்ந்தே அதற்குள் வந்தன. அலுவலகத் தமிழில் அத்தனை பொருத்தமான ஆக்கங்கள் அதிகம் இல்லை. அந்தத் தொடர்படி பார்த்தால் அரசு முதலில் வினவ வேண்டும், பிறகு காது கொடுக்க வேண்டும்.

இந்தத் தொடர் என்னைச் சில காலமாக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. நான் பணிபுரியும் குமரி மாவட்டக் கடற்கரையில், நடக்காத ஒரு கருத்துக் கேட்பைப் பற்றித்தான் பேச்சு.

2016இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய ஹைட்ரோகார்பன் கொள்கையின்படி, எண்ணெய், எரிவாயு தேடும் பகுதிகள் வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கப்பட்டுச் சுற்றுச் சுற்றாக ஏலத்துக்கு வருகின்றன. 2018இல் முதல் சுற்று ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கடலும் கரையும் அதில் அடங்கின. அப்போது காவிரிப் படுகை கொந்தளித்தது, எல்லாருக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஒன்பதாம் சுற்றில் குமரிமுனைக்குத் தெற்கே மூன்று வட்டாரங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீட்டர். குமரி மாவட்டத்தின் நிலப்பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்பதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணுக்கு உருவம் கிடைக்கிறது. 2025 ஏப்ரலில் அவற்றுக்கு ஓஎன்ஜிசியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. அதற்குச் சற்று முன், பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பத்தாம் சுற்றில் மன்னார் வளைகுடாவை ஒட்டி இன்னொரு வட்டாரம், சுமார் 9,990 சதுர கிலோமீட்டர். அதைக் கைவிடும்படி தமிழக முதல்வர் மார்ச் மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாநிலத்தைக் கலந்துகொள்ளவில்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. மாநிலத்தையே கலக்காதவர்கள் கட்டுமரக்காரனைக் கலப்பார்களா என்று எங்கள் ஓய்வறையில் ஒரு சக ஆசிரியர் கேட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பர் 14 அன்று வெளியானது. அதன் பின்னிணைப்பில் கருத்துக் கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்பது விரிவாகவே இருக்கிறது. திட்டம் அமையும் இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில், மாவட்டந்தோறும் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய உயர்நிலைப் பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். நடந்தவற்றின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் கூடியிருப்போருக்கு வாசித்து விளக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதிய அதிகாரி யாரென்று தெரியாது. கிராமத்துக் கூட்டம் எதையாவது உட்கார்ந்து பார்த்தவராக இருக்க வேண்டும். சொன்னதைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டார்களா என்று சொன்னவனுக்கே படித்துக் காட்டுவது எவ்வளவு பெரிய மரியாதை!

அந்த அறிவிக்கையில் எண்ணெய், எரிவாயுத் தேடலும் உற்பத்தியும் முதலில் ‘ஏ’ வகையில் இருந்தன. அதாவது முழு மதிப்பீடு தேவைப்படும் வகையில். 2020 ஜனவரி 16இல் ஒரு திருத்தம் வந்தது. தேடல் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, கடலானாலும் நிலமானாலும், ‘பி-2’ என்னும் வகைக்கு மாற்றப்பட்டது. பி-2வுக்கு விரிவான தாக்க மதிப்பீடு இல்லை. கருத்துக் கேட்பும் இல்லை. எண்ணெய் கிடைத்து உற்பத்திக்குப் போகும்போதுதான் பழைய வகை. துளையே இடாத ஆய்வுகளுக்கோ, வட்டாரத்துக்கு முன்னனுமதி இருக்குமானால், தொடக்கத்திலிருந்தே தனி அனுமதி தேவைப்பட்டதில்லை. வட்டாரத்தை வரைந்து, ஏலம் விட்டு, ஒப்பந்தம் போட்டு, கப்பலைக் கொண்டுவந்து, பல நூறு கோடி ரூபாயைக் கடலடியில் செலவிட்டு, கிணறு வெட்டி, எண்ணெயும் கண்டுவிட்ட பிறகு ஒருவனைக் கூப்பிட்டு உன் கருத்தென்ன என்று கேட்டால் அவன் என்ன சொல்லிவிட முடியும்? தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான்.

இங்கே தமிழும் ஒரு கை கொடுத்திருக்கிறது. ‘எக்ஸ்ப்ளோரேட்டரி வெல்’ என்பதை ‘ஆய்வுக் கிணறு’ என்கிறோம். ஆய்வு என்பது எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் சொல். ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நெறியாளர் என்று. அதனால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை, ஆய்வாளரின் கண்பார்வை தவிர. ‘கிணறு’ அதைவிடக் குளிர்ச்சியான சொல். இரண்டும் சேர்ந்தால் தோட்டத்தில் யாரோ நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒலிக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்த மகோண்டோ கிணறும் ஆய்வுக் கிணறுதான். ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் துரப்பண மேடையில் இருந்த பதினொரு பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய் 87 நாள் கொட்டியது. அந்தக் கிணற்றுக்கான திட்டத்துக்கு 2009இல் அமெரிக்க அரசுத் துறை விரிவான சூழல் ஆய்விலிருந்து விலக்கு அளித்திருந்தது என்பது பிறகு வெளியே வந்தது. விபத்தின் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே விலக்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். துளையிடும்போது பூமியின் அழுத்தத்துக்கு இது தேடல், இது உற்பத்தி என்ற வேறுபாடு தெரிவதில்லை. முதன்முதலாகத் துளைக்கும் இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதற்காகத்தானே தேடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது ஒரு மாணவியின் தந்தையால். குளச்சல் பக்கத்துக்காரர், ஆழ்கடல் தூண்டில் தொழில். ஏல அறிவிப்பின் சில பக்கங்களை யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், எல்லாம் ஆங்கிலம். மகள் படிக்கும் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கு இதைத் தமிழில் சொல்லத் தெரியாமல் போகாது என்று ஒரு சனிக்கிழமை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பத்தி பத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வட்டாரத்தின் மூலைகளைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வந்த இடத்தில் பாகை, கலை என்று பாடநூல் தமிழில் தொடங்கினேன். அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் இடப்பெயர். இருபது ஆண்டுகளாக ஜிபிஎஸ் கருவியிலிருந்து குறித்து வைத்தவை. சிலவற்றை அவருடைய அப்பா மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கணிச்சம் பார்த்துக் கண்டுபிடித்துப் பெயரிட்டுச் சொல்லிவிட்டுப் போனவராம். அவற்றின் எண்களைப் பின்னால் இவர் சேர்த்திருக்கிறார். நோட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல நாங்க எங்க சாரே இருக்கோம்?” என்றார்.

வரைபடத்தில் கடல் வெறும் நீலமாக இருந்தது. நான்கு கோடுகள், உள்ளே ஒரு குறியீட்டெண். அவருடைய நோட்டில் அதே பகுதியின் ஓரங்களில் பார்களும் மடைகளும் நெருங்கிக் கிடந்தன. பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. மடை என்பது மீன் கூடும் இடம். தமிழ்ப் பேரகராதியில் இவற்றில் ஒரு பெயரும் இல்லை, இருக்கவும் முடியாது. ஊரில் தெருப்பெயர்களை அகராதியிலா சேர்க்கிறோம்? ஆனால் தெருவின் மேல் சாலை போடுவதென்றால் நில அளவைத் துறையில் பதிவிருக்கிறது, புல எண் இருக்கிறது, பட்டா இருக்கிறது. கடல் தெருக்களுக்கு இந்த நோட்டுதான் பட்டா.

வாட்ஜ் கரை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்கடியில் விரிந்திருக்கும் பெரிய மேடை அது. வெளிச்சம் எட்டும் ஆழமும், இரண்டு கடல்களின் நீரோட்டங்கள் கலக்கும் இடமுமாக இருப்பதால் களவா, விளமீன், பாரை, கணவாய் என்று மீன் செழித்த பகுதி. 1920களிலேயே இலங்கை அரசு இழுவைக் கப்பல் விட்டு அங்கே ஆய்வு நடத்தியிருக்கிறது. மீனவர் அமைப்புகள், புதிய வட்டாரங்கள் இந்த மேடையைத் தொடுகின்றன என்கின்றன. ஏலத்துக்கு வந்தவை ஆழ்கடல், மீயாழ்கடல் வகையைச் சேர்ந்தவை, அதாவது நானூறு மீட்டருக்கும் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேற்பட்டவை. ஆகவே மேடையின் தலைமேல் கிணறு விழாது என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் மேடைக்கு வரும் நீரும் குஞ்சுகளும் இரையும் அந்த ஆழத்தைத் தாண்டித்தானே வருகின்றன? சூரைக்கும் சுறாவுக்கும் தூண்டில் போடுகிறவர் மேடையோடு நின்றுவிடுகிறாரா? இத்தகைய வாதங்களை எடுத்துவைக்கவும் மறுக்கவும்தானே ஒரு கூட்டம்? பதில் எங்கள் பக்கம் பாதகமாகவே வரட்டும். வருவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா.

இந்த மேடையின் பெயர் ஓர் அரசாங்கக் கடிதத்திலும் இருக்கிறது. கடல் எல்லை குறித்து இந்தியாவும் இலங்கையும் 1976 மார்ச் 23 அன்று பரிமாறிக்கொண்ட கடிதம் அது. கச்சத்தீவுப் பேச்சு வரும்போதெல்லாம் மேடைகளில் அந்த ஆண்டு அடிபடும். இந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. வாட்ஜ் கரையின் மீதும் அதன் வளங்கள் மீதும் இறையாண்மை உரிமை இந்தியாவுக்கு என்று அது சொல்கிறது. நல்லெண்ண அடையாளமாக, உரிமம் பெற்ற இலங்கைப் படகுகள் மூன்றாண்டு மட்டும் அங்கே மீன்பிடிக்கலாம் என்கிறது. அதற்குள் இந்திய அரசு அங்கே பெட்ரோலியமும் பிற கனிமங்களும் தேட முடிவு செய்தால், தேடல் தொடங்கும் நாளை இலங்கைக்கு அறிவிக்கும். அன்றிலிருந்து அந்தப் பகுதியில் இலங்கைப் படகுகள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறது. எண்ணெய் தேடுவதும் மீன்பிடிப்பதும் ஒரே இடத்தில் நடக்காது என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே புது தில்லியில் தெரிந்திருக்கிறது. அந்நிய நாட்டு மீனவனுக்கு அப்போது எழுத்தில் முன்னறிவிப்பு உறுதி செய்யப்பட்டது. உள்நாட்டு மீனவனைப் பற்றி அந்தக் கடிதத்தில் பேச்சில்லை. இரு நாட்டுக் கடிதத்தில் அவனுக்கு வேலையில்லைதான். அவனுக்கான கடிதம் எது என்பதுதான் என் ஐயம்.

கடலில் கூட்டத்தை எங்கே போடுவது என்ற கேள்வி எளிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவிக்கை ‘இடத்திற்கு அருகில்’ என்கிறது, ‘பாதிக்கப்படும் உள்ளூர் மக்கள்’ என்கிறது. கரையிலிருந்து ஐம்பது கடல் மைலில் உள்ளூர் எது? தூத்தூர் வட்டாரத்து ஊர்களின் விசைப்படகுகள் வாரக்கணக்கில் தங்கல் போட்டு அரபிக்கடலின் மறுபாதி வரை போய் வருகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எத்தனை பேர் எந்தத் தொலைவில் இருக்கிறார்கள் என்பது கரையில் அதிகாரம் செலுத்துவோருக்கு விளங்கவே பல நாளாயிற்று. பெண்கள் சாலையில் உட்கார்ந்து, இத்தனை மைலுக்கு அப்பால் போய்த் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளைத் தேடும்போதே தெரியாத முகவரி, கருத்துக் கேட்கும்போது தெரிந்துவிடுமா?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் ‘காட்டுக் கடற்கரை’ என்றே பெயர்பெற்ற ஒரு கரை உண்டு. இந்த ‘யார் உள்ளூர்’ என்னும் சிக்கல் அங்கே நீதிமன்றம் ஏறித் தீர்ப்பும் பெற்றது. 2014இல் ஒரு நிறுவனத்துக்கு அந்தக் கடலில் எண்ணெய் தேடும் உரிமை தரப்பட்டு இருமுறை புதுப்பிக்கப்பட்டது. ஷெல் நிறுவனமும் பங்குதாரர் ஆனது. 2021 இறுதியில் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் வந்து நின்றது. அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கவிட்டு, அந்த ஒலி கடலடிப் பாறையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும் முறை அது. சில நொடிகளுக்கு ஒருமுறை, இரவும் பகலும், மாதக்கணக்கில். கரையோர மீனவச் சமூகங்கள் வழக்குத் தொடுத்தன. டிசம்பர் 28இல் இடைக்காலத் தடை; 2022 செப்டம்பர் 1இல் உரிமையே செல்லாது என்ற தீர்ப்பு.

தீர்ப்பின் காரணங்களில் இரண்டு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தன. நிறுவனம் கலந்தாலோசனையே செய்யவில்லை என்பதில்லை. பாரம்பரிய மன்னர்களைச் சந்தித்துப் பேசியிருந்தது. நாளிதழ்களில் அறிவிப்பும் கொடுத்திருந்தது. மன்னரிடம் பேசுவது மக்களிடம் பேசுவதாகாது என்றது நீதிமன்றம். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் இருந்தன. அந்த மக்களின் மொழியில் இல்லை. கடலைத் தங்கள் முன்னோர் உறையும் இடமாக அவர்கள் கருதுவதையும் அரசு கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜூன் 3இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உரிமை தவறாக வழங்கப்பட்டது என்பதை ஏற்றது. ஆனால் அதை ரத்து செய்யும் உத்தரவை நிறுத்திவைத்து, புதுப்பிப்பு விண்ணப்பத்தின்போது குறைகளைச் சரிசெய்துகொள்ள வழிவிட்டது. சமூகங்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின. வெற்றி என்று துள்ள ஒன்றுமில்லை. வழக்கு அப்படித்தான் நீளும்.

மன்னர் பற்றிய பகுதியைப் படித்தபோது எங்கள் கடற்கரை நினைவுக்கு வராமலில்லை. இங்கே அதிகாரிகள் ஊருக்குள் வந்தால் பங்குத்தந்தையைப் பார்ப்பார்கள், அதற்குப் பின் ஊர்க் கமிட்டியை. இரண்டுமே மதிப்புக்குரிய அமைப்புகள். பல போராட்டங்கள் அவற்றின் நிழலில்தான் உயிர்த்திருக்கின்றன. ஆனால் மீன் கூடை சுமந்து போய்ச் சந்தையில் விற்கும் பெண்ணின் கருத்து அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. மொழி பற்றிய பகுதிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் அறிவிக்கையின் புதிய வரைவு 2020இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிடப்பட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிடும்படி தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போயிற்று. மக்களின் கருத்தைக் கேட்கும் முறையை மாற்றுவதற்கு மக்களிடம் கருத்துக் கேட்ட ஆவணம் அது! அதைத் தமிழில் தருவதற்கு இவ்வளவு வழக்கா என்று தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு எழும் எரிச்சலை மறைப்பதற்கில்லை.

மறுபக்கத்தையும் கேட்டிருக்கிறேன். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது; சொந்தக் கடலில் தேடாமல் எங்கே தேடுவது என்கிறார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் கூட்டம் போட்டால் எதுவுமே நடக்காது என்கிறார்கள். முதலாவது கனமான வாதம். மாணவியின் தந்தையிடம் இதைச் சொன்னேன், அவருடைய படகும் டீசலில்தானே ஓடுகிறது என்று. அவர் கோபிக்கவில்லை.

“டீசல் வேண்டாம்னு நான் சொல்லல்லியே சாரே. கேட்டாங்களான்னுதான் கேக்கேன்.”

இரண்டு ‘கேள்’களும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன; நான் வகுப்பில் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஆகஸ்டு ஒரு சான்று. இராமநாதபுரம் பகுதியில் இருபது ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஓஎன்ஜிசிக்கு அனுமதி கொடுத்திருந்தது நாளிதழ்களில் வந்தது. பி-2 ஆயிற்றே, கூட்டமில்லை. எனவே ஊராருக்கும் செய்தித்தாளே முன்னறிவிப்பு. எதிர்ப்புக் கிளம்பியது. அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு அறிவித்தது. அனுமதித்ததும் கேட்டு அனுமதிக்கவில்லை, திரும்பப் பெறச் சொன்னதும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. காவிரிப் படுகைக்கு 2020இல் ஒரு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. பயிர் நிலத்துக்குக் கிடைத்த அந்தச் சட்டம் மீன் நிலத்துக்கு இல்லை. நெய்தலையும் ஐந்து நிலத்தில் ஒன்றாக எண்ணிய இலக்கணம் நம்முடையது என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன். நான்கு தாள் வந்தது. வலை சரிசெய்யும் கொட்டகையில் மாலையில் வாசித்துக் காட்டுகிறார்களாம். ‘ஆய்வுக் கிணறு’ வரும் இடங்களில் என் மாணவி ‘எண்ணெய்த் துளைக் கிணறு’ என்று பென்சிலால் எழுதிச் சேர்த்திருக்கிறாள். மூலை எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும், அதில் பார், மடைகளின் பெயர்கள் வர வேண்டும் என்று தந்தை கேட்டார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மாணவிகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். நாற்பத்திரண்டு பெயர் சேர்ந்திருக்கின்றன. ஐந்து பெயர்களுக்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. இரண்டையுமே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.